இரண்டு தௌ

போன வருடம் ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை எட்டரை மணி இருக்கும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பட்டறைக் கதவைத் திறந்து லேத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு வந்தது. கனடாவில் எட்மன்டனில் இருக்கும் மனைவியின் தம்பி. அங்கே வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணி.

"அத்தான், ஒரு கோது டைக்குள்ள இறுகிட்டுது. இழுத்துப் பார்த்தன், விளிம்பு பிஞ்சு வந்திட்டுது. டையை எறியிறதோ?"

"எறியாதை. கமராவைக் கிட்டக் கொண்டு வா."

விரல் நீள உருக்கு டை ஒன்று. அதன் வாய்க்குள் பித்தளை ரவைக் கோது ஒன்று இறுகிக் கிடந்தது. கோதின் அடி விளிம்பில் பிறைபோல ஒரு துண்டு இல்லை. கோதை டைக்குள் ஏற்றி இறக்கும் பிரஸின் பிடி அதைப் பிய்த்துக்கொண்டு கீழே போயிருக்கிறது.

விடயம் புதிதாக இருப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மச்சான் அல்பேர்ட்டாவில் உரிமம் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறவன். அவனுடைய ரைபிள் .308 வின்செஸ்டர், 1952 இல் வந்த அளவு. ஒரு ரவையைச் சுட்டால் மருந்து எரிந்துவிடும், முன்னால் இருக்கும் சன்னம் பறந்துவிடும், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் செத்துவிடும். மிஞ்சுவது பித்தளைக் கோது. நாலு சாமானிலும் திரும்பப் பாவிக்கக்கூடியது அது ஒன்றுதான். ஆனால் சுடும்போது உள்ளே எழும் அழுத்தத்தில் கோது ஊதி, ரவை இருக்கும் அறையான ரைபிளின் சேம்பர் என்ன அளவோ அந்த அளவுக்கு வந்துவிடுகிறது. அதைத் திரும்ப அமுக்கி, அடுத்த முறை தடையில்லாமல் உள்ளே போகும் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குத்தான் டை. நான் எழுதப்போவது இந்த அமுக்கும் வேலையைப் பற்றி மட்டும். மருந்தின் அளவு, சன்னத்தின் எடை எல்லாம் அச்சிட்ட கையேட்டைப் பார்த்துச் செய்ய வேண்டிய காரியங்கள். அவற்றில் நான் கைவைத்ததில்லை.

ரைபிளை நான் வாழ்க்கையில் சுட்டதுமில்லை. இலங்கையில் 1916 ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் இந்தச் சாமான் எதையும் வீட்டில் வைத்திருக்க நினைக்கவே கூடாது. இங்கே யாரும் இதைச் செய்து பார்க்கவேண்டும் என்று நான் எழுதவில்லை. எனக்குத் தெரிந்தது பித்தளையும் டையும். முப்பத்தொரு வருடமாக அந்த இரண்டோடுதான் சீவியம்.

அப்பா செட்டியார் தெருவில் நகைப் பட்டறை வைத்திருந்தவர். அவருடைய கம்பியச்சு இப்போதும் என்னிடம் இருக்கிறது. உருக்குத் தகடு, அதில் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாக ஓட்டைகள். பொன் கம்பியின் நுனியை அராவிக் கூராக்கி, ஓட்டைக்குள் விட்டு, மறுபக்கம் குறட்டால் பிடித்து இழுப்பார். நாலு ஓட்டை இழுத்ததும் கம்பி விறைத்துவிடும். நெருப்பில் காட்டித் தண்ணீரில் ஆற்றி, பிறகு அடுத்த ஓட்டை. ஒவ்வொரு இழுப்புக்கும் முன்னால் தேன்மெழுகுக் கட்டியில் கம்பியை ஒரு தரம் உரசுவார். நான் பத்து வயதில் அந்த மெழுகைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன். மச்சானின் டையைக் கமராவில் பார்த்தவுடன் எனக்கு ஞாபகம் வந்தது அந்த மெழுகுக் கட்டிதான். "என்ன பூசினாய்?" என்று கேட்டேன். துரு பிடிக்காமல் அடிக்கும் ஸ்பிரே ஒன்றின் பெயரைச் சொன்னான். சரி, விளங்கிவிட்டது.

வேலைக்குள் போகுமுன் ஒன்று சொல்லவேண்டும். "கோது" என்ற சொல் எங்களுக்கு லேசான சொல் இல்லை. யாழ்ப்பாணத்தில் அம்மம்மா வீட்டுக்கு விடுமுறைக்குப் போன காலத்தில் வேலிக்கரையில் கோதுகள் கிடக்கும். பொடியள் பொறுக்கி விசில் ஊதுவார்கள். அம்மம்மா ஒருநாள் என் கையிலிருந்ததைத் தட்டி விழுத்தி, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டார். அதற்குப் பிறகு நாற்பது வருடமாக நான் ஒரு கோதைத் தொட்டதில்லை. மச்சான் வேட்டைக்குப் போவது வீட்டில் எல்லோருக்கும் பிடித்த காரியமும் இல்லை. ஆனால் ஒரு வேலை பிழையாக நடக்கிறது, அந்தப் பிழையால் ஒருநாள் அவன் முகத்துக்கு முன்னால் ஏதாவது வெடிக்கலாம் என்றால், தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

இறுகிய கோதை எடுப்பது பஞ்சிகாவத்தைக்காரனுக்கு அன்றாட வேலை. பெயாரிங் கழற்றும் புல்லர் எப்படி வேலை செய்கிறதோ அதேதான். முதலில் டையின் நடுவில் இருக்கும் பிரைமர் தள்ளும் கம்பியை மேலே எவ்வளவு வருமோ அவ்வளவு தளர்த்தி எடுக்கச் சொன்னேன், துளைக்கும்போது டிரில் அதில் முட்டாமல் இருக்க. பிரைமர் ஏற்கெனவே தள்ளப்பட்டுவிட்டதா என்று இரண்டு முறை பார்க்கவைத்தேன். பிறகு கோதின் அடியில், பிரைமர் இருந்த குழியின் நடுவே 5.1 மில்லிமீற்றர் துளை. அதில் கால் அங்குல, 20 மரை வெட்டும் டெப். டெப்பை அரைச் சுற்று முன்னுக்கு, கால் சுற்றுப் பின்னுக்கு என்று பித்தளைச் சீவலை உடைத்து உடைத்துப் போகவேண்டும். டையின் வாயைச் சுற்றி ஒரு பெரிய சொக்கற்றை நிறுத்தி, அதன் மேல் தடித்த வாசர் வைத்து, மரையாணியைக் கோதுக்குள் விட்டு முறுக்கினால் கோது தானாகச் சொக்கற்றுக்குள் ஏறி வரும். அவனுக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. "டொக்" என்ற சத்தத்தோடு வந்ததும் இரண்டு பேரும் கத்தினோம். இங்கே பட்டறையில் பொடியன் தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தான்.

இறுகியதற்குக் காரணம் பூச்சுத்தான். மெல்லிய எண்ணெய் துருவைத் தடுக்கும், சிக்கிய ஆணியைத் தளர்த்தும். ஆனால் பித்தளையை உருக்குச் சுவரோடு வைத்து நெரிக்கும் அழுத்தத்தில் அந்த எண்ணெய்ப் படலம் பிதுங்கி ஓடிவிடும். இரண்டு உலோகமும் நேருக்கு நேர் உரசும், பித்தளை கொஞ்சம் உருக்கில் ஒட்டும், ஒட்டிய இடத்தில் அடுத்த கோது இன்னும் இறுகும். இதற்குப் பிதுங்கி ஓடாத பிசுக்கு வேண்டும். கோது அமுக்குவதற்கென்றே விற்கிற மெழுகு இருக்கிறது, லனோலினை அல்ககோலில் கரைத்தும் பாவிக்கிறார்கள். கைத்துப்பாக்கி ரவையின் நேரான கோதுக்குக் கார்பைட் வளையம் வைத்த டை வருகிறது, அதற்குப் பூச்சு இல்லாமலும் சமாளிக்கலாம். ரைபிள் கோது தோளும் கழுத்தும் வைத்த போத்தல் மாதிரி. அதற்குப் பூச்சு இல்லாமல் முடியாது.

பூசுவதிலும் ஒரு கை வேண்டும். பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் துளி எடுத்து, கோதை உருட்டும்போது வெளிச்சத்தில் ஒரு மினுக்கம் தெரிந்தால் போதும். அடிப்பக்கம் கொஞ்சம் கூட, தோளில் ஒன்றுமே இல்லாமல். தோளில் திரண்டு நிற்கும் பூச்சுக்கு டைக்குள் போக இடம் கிடையாது. அது அமுங்காது, அதனால் பித்தளை உள்ளே அமுங்கிக் குழி விழும். கழுத்தின் உட்பக்கத்துக்கும் கொஞ்சம் வேண்டும், ஏனென்றால் திரும்பி வரும்போது உள்ளே இருக்கும் உருண்டை கழுத்தை உரசிக்கொண்டு வெளியே வருகிறது. அங்கே வறண்டு போனால் "கிரீச்" என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் கழுத்து இழுபட்டு, தோளும் அதோடு முன்னால் வந்திருக்கும்.

இவ்வளவும் தொலைபேசியில் சொன்னது. பெரிய பிழை வேறு இடத்தில் இருந்தது. அதை நான் கண்டது இந்த ஜூனில், மருமகளின் பூப்புனித நீராட்டு விழாவுக்கு எட்மன்டன் போனபோது.

விழா முடிந்த மறுநாள் மச்சான் என்னைக் கராஜுக்குள் கூட்டிப்போனான். மேசையில் பிரஸ், பக்கத்தில் பிளாஸ்டிக் பெட்டியில் ஐம்பது கோதுகள். எல்லாம் நாலு முறை சுட்டவை. அம்மம்மாவை நினைத்துக்கொண்டு ஒன்றைக் கையில் எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் மெதுவாகச் சுழற்றியபோது அடியிலிருந்து ஒரு விரல் அகலம் மேலே மெல்லிய பளபளப்பான வளையம் ஒன்று தெரிந்தது. மற்ற இடமெல்லாம் மங்கல், அந்த வளையம் மட்டும் புதிதாகத் தேய்த்த மாதிரி. அடுத்ததிலும் இருந்தது, அதற்கடுத்ததிலும்.

ஒரு தடித்த பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை அராவிக் கூராக்கி, இரண்டு மில்லிமீற்றரைச் செங்குத்தாக மடித்தேன். அதைக் கோதுக்குள் அடிவரை விட்டு, சுவரோடு உரசியபடி மேலே இழுத்தேன். வளையம் இருந்த இடத்தில் நுனி ஒரு பள்ளத்தில் விழுந்து ஏறியது. "நீ இழுத்துப் பார்" என்று அவனிடம் கொடுத்தேன். அவன் முகம் மாறிவிட்டது. பிறகு கோதை வைஸில் பிடித்து நீளவாக்கில் அறுத்தோம். அறுத்த முகத்தை ஈர எமரி பேப்பரில் தேய்த்ததும் எல்லாம் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது: அடி நல்ல தடிப்பு, அதிலிருந்து சுவர் சீராக மெலிந்துகொண்டு போகிறது, நடுவில் ஓரிடத்தில் மட்டும் உள்ளிருந்து யாரோ நகத்தால் சுரண்டியது போல ஒரு இடுக்கு. இன்னும் ஒன்றோ இரண்டோ சூட்டில் கோது அந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்திருக்கும். .308க்கு அமெரிக்கத் தரப்படி உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 இறாத்தல். அந்த அழுத்தத்தில் வாயு பின்பக்கமாக வெளியேறினால், சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டுக்குப் பின்னால் இருப்பது அவனுடைய கண்.

இது ஏன் நடக்கிறது என்று விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு நாள் எடுத்தது. .308 கோதைச் சேம்பருக்குள் முன்னால் போகாமல் நிறுத்துவது தோள். பின்னால் போகாமல் நிறுத்துவது போல்ட்டின் முகம். இந்த இரண்டுக்கும் இடையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. தோளில் 0.400 அங்குல விட்டம் வரும் இடத்திலிருந்து போல்ட் முகம் வரை அளக்கிறார்கள். .308க்கு அது குறைந்தது 1.630 அங்குலம் இருக்கவேண்டும். இப்போது கோதைத் தேவைக்கு அதிகமாக அமுக்கித் தோளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டோம் என்று வையுங்கள். சேம்பருக்குள் அது முன்னும் பின்னும் ஆடும். குத்தூசி பிரைமரை அடிக்கும்போது கோது முன்னால் போய் நிற்கும். மருந்து எரிந்து அழுத்தம் ஏறும்போது கோதின் மெல்லிய முன்பக்கச் சுவர் ஊதிச் சேம்பரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தடித்த அடிப்பகுதி ஊதாது, பிடிக்காது. அதற்குப் பின்னால் வெற்றிடம் இருக்கிறது. அழுத்தம் அதைப் பின்னுக்குத் தள்ளிப் போல்ட்டில் முட்டவைக்கும். முன்பக்கம் பிடித்து நிற்க, பின்பக்கம் நகர, நடுவில் தடிப்பு மெலியும் இடம் இழுபடும். நாம் அடுத்த முறையும் அதே அளவுக்கு அமுக்கினால் அடுத்த சூட்டிலும் அதே இடம் இழுபடும்.

எவ்வளவு இழுபட்டிருக்கிறது? மச்சானிடம் தோளை அளக்கும் கருவி இருந்தது. வேர்னியரின் தாடையில் பூட்டுகிற ஒரு துண்டு, வாங்கிப் பெட்டியிலேயே வைத்திருந்தான். சுட்டு அமுக்காத கோது 1.631 காட்டியது. அவன் வழக்கம்போல அமுக்கியது 1.620. பதினொரு தௌ. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பட்டறையில் தௌ என்போம். பதினொரு தௌ என்றால் 0.28 மில்லிமீற்றர். நாலு முறை அந்த வளையத்திலிருந்து பித்தளை திருடப்பட்டிருக்கிறது.

அவன் ஒன்றும் அலட்சியமாகச் செய்யவில்லை. டையோடு வந்த தாளில் இருந்தபடியே செய்தான்: டை பிரஸின் பிடியைத் தொடும்வரை இறக்கு, பிறகு இன்னும் கொஞ்சம் முறுக்கு. அப்படிச் செய்தால் உலகத்தில் உள்ள எந்த .308க்குள்ளும் அந்தக் கோது போகும். தாளை எழுதியவர்களுக்கு அதுதான் தேவை, யாருடைய ரைபிள் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் மச்சானிடம் இருப்பது ஒரே ஒரு ரைபிள். அவன் கோது போகவேண்டியது அந்த ஒரு சேம்பருக்குள். என் பட்டறையில் ஒரு தண்டுக்குப் புஷ் கடையும்போது நான் புத்தகத்தைப் பார்த்து மட்டும் கடைவதில்லை, அந்தத் தண்டை மைக்ரோமீற்றரால் அளந்துதான் கடைகிறேன். இதுவும் அதே வேலை. சுட்ட கோதுதான் சேம்பரின் அச்சு. அதை அளந்து, அதிலிருந்து ஒன்று அல்லது இரண்டு தௌ மட்டும் தோளைப் பின்னுக்கு வைத்தால், கையால் போல்ட் இழுக்கிற ரைபிளுக்குப் போதும். தானாக ஏற்றிக்கொள்ளும் ரைபிளுக்கு மூன்று, நாலு கொடுப்பார்கள்.

டையின் வெளி மரை எட்டில் ஏழு அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 மரை. ஒரு முழுச் சுற்று 71.4 தௌ. அப்படியென்றால் பத்துப் பாகை திருப்பினால் இரண்டு தௌ! இந்தக் கணக்கு வந்ததும் எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஒரு தாள் பட்டியை டையின் பூட்டு வளையத்தைச் சுற்றி அளந்து வெட்டி, அதை 36 பங்காகப் பென்சிலால் கோடிட்டு, திரும்ப வளையத்தில் ஒட்டினேன். பிரஸின் உடம்பில் ஒரு கோடு. இனி ஒரு கோடு தள்ளினால் இரண்டு தௌ என்று கண்ணால் பார்த்துச் செய்யலாம்.

டையை ஒரு முழுச் சுற்று மேலே எடுத்துவிட்டு ஆரம்பித்தோம். இங்கேதான் மச்சான் திகைத்தான். முதல் கோதை அமுக்கி அளந்தால் 1.631 இருந்தது 1.633 ஆகிவிட்டது. அமுக்க அமுக்கக் கூடுகிறது! கம்பியச்சைத் தெரிந்தவனுக்கு அது ஆச்சரியமில்லை. பக்கத்தை நெரித்தால் பித்தளை போக்கிடம் தேடி முன்னால் ஓடும். டையின் தோள் கோதின் தோளைத் தொடும்வரை நீளம் கூடிக்கொண்டுதான் போகும். அரைகுறையாக அமுக்கிய கோது சுட்ட கோதைவிட இறுக்கமாக ரைபிளுக்குள் போவது இதனால்தான். அதைக் கண்டு பயந்து பலர் டையை ஒரேயடியாக இறக்கிவிடுகிறார்கள்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினோம். அளவு 1.633இல் கொஞ்ச நேரம் நின்றது, 1.632க்கு வந்தது. கடைசி மூன்று கோடுகளை ஒவ்வொன்றாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் பூச்சைத் துடைத்து அளந்து, 1.629இல் வளையத்தைப் பூட்டினோம். போல்ட்டிலிருந்து குத்தூசியையும் கோதை வெளியே தள்ளும் வில்லையும் கழற்றிவிட்டு வெற்றுக் கோதை வைத்துப் பார்த்தோம். 1.633 கோதில் கைப்பிடி நடுவழியில் நின்றது. 1.631இல் விரலால் அழுத்தினால் இறங்கியது. 1.629இல் கைப்பிடியை விட்டதும் தன் பாரத்திலேயே விழுந்தது. மச்சான் அதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தான்.

அவனுக்கு ஒரு சந்தேகம் இருந்தது, நியாயமான சந்தேகம். "அத்தான், நவம்பரில் பனிக்குள்ள, கையுறையோட நிக்கேக்க போல்ட் இறுகினால்? கூட அமுக்கினால் பயமில்லைத்தானே?" கழுத்தை மட்டும் அமுக்கும் டை ஒன்றும் விற்கிறார்கள். அதைப் பாவித்தால்தான் அந்தப் பயம் வரும். உடம்பும் தோளும் அமுங்காமல் சில சூட்டில் கோது சேம்பருக்கு இறுகிவிடும். வேட்டைக்குப் போகிறவனுக்கு அது சரிவராது என்பதுதான் என் எண்ணமும். முழு உடம்பையும் அமுக்கி, தோளை மட்டும் அளவாகப் பின்னுக்கு வைக்கும்போது இரண்டும் கிடைக்கிறது. போல்ட் லேசாக மூடும், வளையமும் விழாது. அப்படியும் மனம் ஆறாவிட்டால் வேட்டைக்குக் கொண்டுபோகும் ஒவ்வொரு கோதையும் மருந்து போடுமுன்பே ரைபிளில் வைத்துப் பார் என்றேன்.

ஐம்பதையும் நாங்கள் குறட்டால் நசுக்கிப் போட்டோம். அவன் வாங்கிய விலை எனக்குத் தெரியும், அவனுக்கு வலித்தது. ஆனால் பள்ளம் விழுந்த பித்தளையை எந்த டையாலும் திரும்பத் தடிப்பாக்க முடியாது.

புதிதாக எடுத்த இருபதில் ஒரே அமைப்பில் அமுக்கியும் சில 1.628, சில 1.630 என்று வந்தன. பிரஸில் பிழை இல்லை. பித்தளை நெரிபட நெரிபட விறைக்கும், விறைத்தது வில்லைப் போலத் திரும்பி வரும். வெவ்வேறு தடவை சுட்ட கோதுகளைக் கலந்தால் ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவுக்குத் திரும்பும். பிரஸை உச்சியில் மூன்று நாலு விநாடி பிடித்தால் வித்தியாசம் கொஞ்சம் குறைகிறது. சரியான வைத்தியம் அப்பாவின் வைத்தியம்தான், நெருப்பு. அங்கே அனீலிங் என்கிறார்கள். கோதை டிரில்லில் பிடித்த சொக்கற்றுக்குள் வைத்துச் சுழற்றி, காஸ் சுவாலையில் கழுத்தையும் தோளையும் மட்டும் சில விநாடி காட்டுவது. 400 பாகை செல்சியஸ் வாக்கில் இலக்கு. அந்த வெப்பத்தில் நிறம் மாறும் பூச்சு ஒன்றைத் தடவித்தான் நேரத்தைப் பிடிக்கவேண்டும், கண்மட்டத்தை நம்பக்கூடாது. செக்கச்செவேல் என்று சிவக்கவிட்டால் கழுத்து சன்னத்தைப் பிடிக்காத அளவுக்கு மெத்தென்று போய்விடும். அடிப்பகுதியில் சூடு ஏறவே கூடாது. முழு அழுத்தத்தையும் தாங்குவது அந்த விறைப்புத்தான், அதை இளக்கினால் கோது ஆபத்தாகிவிடும். உருக்கு வேலை செய்பவர்கள் இங்கே ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: சூடான உருக்கைத் தண்ணீரில் போட்டால் விறைக்கும், பித்தளை தண்ணீரில் போட்டாலும் மெத்தென்றுதான் இருக்கும். அப்பா கம்பியைச் சூட்டோடு சட்டிக்குள் போடும் "சுர்" சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

கோதுப் பித்தளை என்பது எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு நாகமும் (துத்தநாகம்). நன்றாக இழுபடும், ஆனால் உள்ளுக்குள் இறுக்கத்தை வைத்துக்கொண்டு இருக்கும். பிரிட்டிஷ் காலத்து இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்த ரவைகள் மழைக்காலத்தில் தாமாக வெடிப்புவிட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா ஈரக் காற்றோடு சேர்ந்து, இறுக்கத்தோடு இருந்த பித்தளையைப் பிளந்திருக்கிறது. 1921 இல்தான் காரணத்தை வெளிப்படுத்தினார்கள். இதை மச்சானிடம் சொன்னது அவன் கோது மினுக்கும் திரவத்தின் போத்தலைப் பார்த்ததால். மூக்கைக் கிட்டக் கொண்டுபோனவுடனேயே அமோனியா. எங்கள் வீடுகளில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிறோம், அதில் இருப்பது மெல்லிய அமிலம், தேய்த்தவுடன் கழுவிவிடுகிறோம். கோதுக்கும் மெல்லிய சிற்றிக் அமிலத்தில் சில நிமிடம், பிறகு நல்ல தண்ணீர், பிறகு உலரவைத்தல் போதும். மினுங்கவேண்டிய அவசியமில்லை. மணல் தூசு இல்லாமல் இருந்தால் சரி, ஒரு மணல் துகள் டைக்குள் போனால் அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு கோதிலும் கீறல் விழும்.

அமுக்கி முடிந்த பிறகுதான் நீளம் வெட்டவேண்டும், முன்னால் அல்ல. அமுக்கும்போது கழுத்து நீள்கிறது. .308க்கு உச்ச நீளம் 2.015 அங்குலம், வெட்டும் அளவு 2.005. வெட்டிய வாயின் உள்ளும் புறமும் பிசிறை எடுக்கவேண்டும். பூச்சையெல்லாம் துடைக்கவேண்டும். சேம்பருக்குள் எண்ணெய்க் கோது போனால் சுவரைப் பிடிக்காது, முழுத் தள்ளலும் போல்ட்டின் மேல் விழும்.

கொழும்புக்குத் திரும்பும்போது அறுத்த கோதுப் பாதி ஒன்றையும் கொண்டுவர ஆசையாக இருந்தது. விமான நிலையத்தில் விளக்கம் சொல்ல வேண்டாம் என்று அவனிடமே விட்டுவந்தேன். படம் மட்டும் கைத்தொலைபேசியில் இருக்கிறது. பட்டறைக்கு வரும் பொடியன்களுக்கு உலோகம் எப்படி இழுபடுகிறது என்று காட்ட அதைவிட நல்ல படம் என்னிடம் இல்லை.

போன கிழமை மச்சான் ஒரு பட்டியல் அனுப்பினான். இருபது கோதுகள், ஐந்தாம் சூடு முடிந்து அமுக்கியது. பதினேழு 1.629, மூன்று 1.630. பேப்பர் கிளிப் கம்பியை இருபதுக்குள்ளும் விட்டு இழுத்தானாம், எங்கும் பள்ளம் இல்லை. கீழே ஒரு வரி: "அத்தான், தாள் பட்டி கழண்டுகொண்டு வருது. நல்லதா ஒண்டு செய்து தாங்கோ." பித்தளைத் தகட்டில் 36 கோடு வெட்டி ஒரு வளையம் கடைந்துகொண்டிருக்கிறேன். அடுத்த மாதம் அங்கே போகும் சித்தி வீட்டு ஆட்களிடம் கொடுத்துவிட வேண்டும்.